எதிர்பார்க்காமல் கையில் எடுத்து அசந்துபோன காமிக்ஸ் தொகுப்புகள்

மைப்புள்ளி:

எல்லோரும் கொண்டாடும் தொகுப்பை வாங்கிப் படித்து, ஆமாம், நன்றாகத்தான் இருக்கிறது என்று அலமாரியில் செருகிவிடுவது ஒரு வகை. பெரிதாக எதையும் நினைக்காமல் புரட்ட ஆரம்பித்து, விளக்கை அணைக்க மனமில்லாமல் விடிய விடியப் படிப்பது இன்னொரு வகை. இந்த இழை இரண்டாவது வகைக்கு மட்டும். பழைய தொடரின் மறுபதிப்பு, முழுத் தொகுப்பு, எதுவானாலும் சரி. ஏன் அசந்துபோனீர்கள் என்பதையும் எழுதுங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் யாருக்கும் உதவாது.

நானே தொடங்குகிறேன். ஃப்ராங்க் கிங் வரைந்த 'கேசோலின் ஆலி'. 1918-ல் ஆரம்பித்த அமெரிக்கத் தினத்தாள் தொடர். முதலில் சில ஆண்கள் சந்தில் நின்று கார் இன்ஜினைக் குடைந்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான் கதை. பெண் வாசகர்களும் வர வேண்டும், ஒரு குழந்தையைச் சேருங்கள் என்று பத்திரிகைத் தரப்பில் கேட்டார்களாம். நாயகன் வால்ட்டோ கல்யாணமாகாதவர். அதனால் 1921 பிப்ரவரி 14 அன்று அவர் வீட்டு வாசலில் யாரோ ஒரு கைக்குழந்தையை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் குழந்தை ஸ்கீஸிக்ஸ், வாசகர்களோடு சேர்ந்து நாளுக்கு நாள் வளர்ந்தது. இன்றைக்குத் தவழ்ந்தால் சில மாதங்களில் நடக்கும். பள்ளிக்குப் போனது, இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தது, கல்யாணமும் செய்துகொண்டது. காமிக்ஸ் பாத்திரங்களுக்கு வயதே ஆகாது என்று பழகிப்போன கண்ணுக்கு இது பெரிய அதிர்ச்சி.

டிரான் அண்ட் குவார்ட்டர்லி 2005-ல் இதைத் தொகுக்கத் தொடங்கியபோது, 1918-ல் அல்ல, குழந்தை வந்த 1921-ல் ஆரம்பித்தார்கள். 'வால்ட் அண்ட் ஸ்கீஸிக்ஸ்' என்று பெயரையும் மாற்றினார்கள். புத்தக வடிவமைப்பு கிறிஸ் வேர். ஒரு தொகுதிக்கு இரண்டு வருடக் கதை. தினம் ஒரு துண்டாக வந்ததை ஒரே மூச்சில் படிக்கும்போது, சிரிப்புத் துணுக்கு என்று நினைத்தது ஒரு பெரிய நாவலாக மாறிவிடுகிறது. நூறாவது பக்கம் வாக்கில், வால்ட் அந்தப் பிள்ளையைப் பார்க்கும் பார்வையே மாறியிருப்பதை உணர்ந்தேன். எந்தக் கட்டத்தில் மாறியது என்று திருப்பித் தேடினேன். ஒரு கட்டத்தைச் சுட்டிக்காட்ட முடியவில்லை.

பழுப்புத்தாள்:

நல்ல தொடக்கம். என் பங்கு, கெட்டி அட்டை ஆடம்பரப் பதிப்புகளுக்கு நேர் எதிரானது.

மார்வெல் 1990-களின் பிற்பகுதியிலிருந்து 'எசென்ஷியல்' என்று ஒரு வரிசை போட்டார்கள். சாதாரணத் தாள், மெல்லிய அட்டை, ஐந்நூறு பக்கம், வண்ணமே கிடையாது. வண்ணத்தில் வந்த கதையைக் கறுப்பு வெள்ளையில் போடுவது ஏமாற்று வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 'டூம் ஆஃப் டிராகுலா' என் எண்ணத்தை மாற்றியது. 1972 முதல் 1979 வரை 70 இதழ்கள் வந்த தொடர். பெரும்பகுதியை எழுதியவர் மார்வ் வுல்ஃப்மன். ஜீன் கோலன் பென்சிலில் வரைந்ததற்குப் பெரும்பாலும் டாம் பால்மர் மை ஏற்றினார்.

கோலனின் படத்தில் நிழலும் புகையும் மூடுபனியும்தான் முக்கியம். பழைய இதழ்களில் அதன் மேல் ஊதாவும் பச்சையும் தட்டையாக அப்பியிருக்கும். வண்ணத்தை எடுத்துவிட்டால் அடியில் இருந்த இருட்டு வெளியே வருகிறது. ஒரு முகத்தில் பாதி வெளிச்சம், பாதி மை. கண் எங்கே இருக்கிறது என்று நாமே தேட வேண்டியிருக்கும். இன்று இதே கதைகள் வண்ணத்தில், பளபளப்பான தாளில் கிடைக்கின்றன. நான் அந்த மலிவுப் பதிப்பைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

கட்டங்களுக்குநடுவே:

பழுப்புத்தாள் சொல்வது கோலனுக்குச் சரி. பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்ணத்தை நினைத்தே வரைந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஹால் ஃபாஸ்டரின் 'பிரின்ஸ் வேலியன்ட்' அப்படிப்பட்டது. 1937 பிப்ரவரியில் தொடங்கிய ஞாயிறு பக்கம். பேச்சு பலூன் கிடையாது, படத்துக்கு ஊடே உரைநடைதான். பல பதிப்புகளில் பார்த்துவிட்டு, வீரர்கள் கதை, பள்ளிப் பாடப் படம் மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கியிருந்தேன். ஃபான்டாகிராஃபிக்ஸ் 2009-ல் கொண்டுவந்த வரிசையைப் பார்த்த பிறகுதான், நான் ஒதுக்கியது ஃபாஸ்டரை இல்லை, மோசமான அச்சை என்று புரிந்தது.

காரணம் எளிது. ஃபாஸ்டர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்ண அச்சுப்படிகள் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றிலிருந்தே இந்த வரிசைக்குப் படம் எடுத்தார்கள். முதல் தரமான மூலம் என்பதால் கோடு உடையவில்லை, வண்ணம் கலங்கவில்லை. காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் தனித் தோல் இருக்கிறது. தூரத்துக் கோட்டை, தூரத்தில் இருப்பதாகவே தெரிகிறது.

மறுபதிப்பு வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: எதிலிருந்து எடுத்தார்கள்? மூலப்படமா, அச்சுப்படியா, பழைய இதழைத்தான் ஸ்கேன் செய்தார்களா? ஸ்கேன் வசதிகள் வராத காலத்தில் கிரெக் தீக்ஸ்டன் என்பவர் பழைய காமிக்ஸ் பக்கத்தை ரசாயனத்தில் நனைத்து வண்ணத்தை வெளுக்கவைத்து, மிஞ்சிய கறுப்புக் கோட்டைப் படம் பிடித்து மறுபதிப்புக்குத் தந்தார். அவர் பெயரையே அந்த முறைக்கு வைத்துவிட்டார்கள். அதற்குப் பலியாவது அந்தப் பழைய இதழ். அப்படி ஒரு பிரதியை இழந்துதான் சில கதைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

மாயாவிரசிகன்:

நான் சொல்லப்போவது இங்கே பலருக்கும் நெருக்கமான ஆள். இரும்புக்கை மாயாவி.

1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். மூலம் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962-ல் ஆரம்பித்த 'தி ஸ்டீல் க்ளா'. லூயிஸ் கிராண்டெல் என்ற ஆய்வக உதவியாளருக்கு வலது கைக்குப் பதில் இரும்புக்கை. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹேசுஸ் பிளாஸ்கோ.

எனக்கு நினைவில் இருந்தது உளவாளி மாயாவி. நியாயத்தின் பக்கம் நிற்கிறவர். பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் உரிமைகளை 2018-ல் வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம் தொடக்கக் கதைகளை மறுபதிப்பாகக் கொண்டுவந்ததும், பழைய பாசத்துக்காகத்தான் எடுத்தேன். படித்தால் வேறு மனிதர் வருகிறார்! எரிச்சலும் பொறாமையும் பிடித்த கிராண்டெல். சக்தி கிடைத்ததும் முதலில் குற்றத்துக்குத்தான் போகிறார். நல்லவராகத் திரும்புவதெல்லாம் பிறகு, மெல்ல மெல்லத்தான்.

பிளாஸ்கோவின் மையும் அப்படியே முழுதாகத் தெரிகிறது. இருட்டு அறை, கதவிடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம், அதில் தனியாக மிதக்கும் அந்தக் கை. ஒவ்வொரு விரல் மூட்டும் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறார். வாரத் துண்டுகளாக வந்த கதை என்பதால் சில பக்கங்களுக்கு ஒருமுறை வேகத்தடை மாதிரி ஒரு திருப்பம் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே நிறுவனத்தின் 'சார்லிஸ் வார்' மூன்று தொகுதிகளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பேட் மில்ஸ் எழுதி ஜோ கொல்கூன் வரைந்தது, 1979-ல் தொடங்கியது. வயதைப் பொய் சொல்லி முதல் உலகப் போருக்குப் போகும் 16 வயதுப் பையனின் கதை. வீட்டுக்கு அவன் எழுதும் எழுத்துப்பிழை நிறைந்த கடிதங்களை, கீழே நடக்கும் படுகொலைப் படங்களோடு சேர்த்து வைத்திருப்பார்கள். சிறுவர் வார இதழில் இப்படி ஒன்று வந்தது என்பதை நம்பவே முடியவில்லை.

இரவுவாசகி:

மாயாவி பற்றிப் படித்ததும் கை பரபரக்கிறது. நன்றி.

என்னுடையது 'மூமின்'. மூமின் என்ற கற்பனைப் பிராணிகளை வைத்து டோவ் யான்சன் எழுதிய குழந்தைக் கதைகளை அறிந்தவர்கள் உண்டு. ஆனால் 1954 முதல் லண்டன் 'ஈவினிங் நியூஸ்' நாளிதழில் அவர் பெரியவர்களுக்காகவே தினத்தொடர் வரைந்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு தம்பி லார்ஸ் பொறுப்பேற்றார். 2006-ல் தொகுப்பாக வர ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு என்று வாங்கி, நானே வைத்துக்கொண்டேன். பணக்கார வாழ்க்கைக்கு ஆசைப்பட்டுக் கெட்டுப்போவது, வேண்டாத விருந்தாளியை அனுப்பத் தெரியாமல் தவிப்பது என்று கிண்டலும் பரிவும் கலந்த கதைகள்.

ஒரு விஷயத்தை மட்டும் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள கோடு பல இடங்களில் வெறும் கோடு இல்லை. கதையில் வரும் ஏதாவது ஒரு பொருள்தான் அங்கே செங்குத்தாக நிற்கும்: ஒரு மரத்தண்டு, ஒரு துடைப்பம். முதல் தடவை வேகமாகப் படித்தபோது கவனிக்கவே இல்லை. தெரிந்த பிறகு ஒவ்வொரு துண்டிலும் கதைக்கு முன்னால் அதைத்தான் தேடுகிறேன்.

அப்புறம், முற்றிலும் வேறு திசையில், அர்ஜென்டினாவின் 'எல் எட்டர்னவ்டா'. எக்தோர் ஹெர்மான் ஓஸ்டர்ஹெல்ட் எழுத, பிரான்சிஸ்கோ சோலானோ லோபஸ் வரைந்து 1957 முதல் 1959 வரை வார இதழில் வந்தது. ஆங்கிலத்தில் 2015-ல்தான் கிடைத்தது, மூலத்தில் இருந்த அதே அகலவாட்டு வடிவில். நான்கு நண்பர்கள் மாடி அறையில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று வெளியே எந்தச் சத்தமும் இல்லை. ஜன்னலில் பார்த்தால் பனி விழுகிறது. அது பட்டவர்கள் தெருவில் செத்துக் கிடக்கிறார்கள். கதவிடுக்கையெல்லாம் அடைத்து, வெளியே போக உடை தைக்கிறார்கள். இந்த முதல் பகுதியை எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார் என்பதுதான் அதன் பலம்.

ஓஸ்டர்ஹெல்ட் 1977-ல் ராணுவ ஆட்சியில் கடத்தப்பட்டார், திரும்பவில்லை. அவருடைய நான்கு மகள்களும் அதே காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை படித்தபோது, அந்தச் சீட்டாட்டப் பக்கங்களைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது.

தொடரும்போடு:

எல்லாம் அருமையான தேர்வுகள். ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. முழுத் தொகுப்பு என்ற ஆசையே வாசகரை அமுக்குகிறது என்று நினைக்கிறேன். தினத்தொடர் என்பது தினம் ஒரு வாய் சாப்பிடுவதற்குச் செய்தது. அதில் தேர்ந்தெடுத்த 200 பக்கம் போதாதா? 'பீனட்ஸ்' முழுத் தொகுப்பு 26 தொகுதி. 17,897 துண்டுகள். யார் உட்கார்ந்து படிப்பது? நல்லதைப் பொறுக்கித் தருவதுதானே பதிப்பாசிரியர் வேலை?

மைப்புள்ளி:

தொடரும்போடு, கேள்வி நியாயமானது. ஆனால் நீங்கள் சொன்ன அதே 'பீனட்ஸ்'தான் என் பதில்.

தேர்வுகள் எல்லாம் சேர்ந்து நமக்கு ஒரு சார்லி பிரவுனைப் பழக்கிவிட்டன: தோற்றுக்கொண்டே இருக்கும் சோகமான பையன். 2004-ல் வந்த முதல் தொகுதி 1950 அக்டோபர் 2-ல் தொடங்குகிறது. அதில் அவன் துறுதுறுவென்று மற்றவர்களை வம்புக்கிழுக்கும் பிள்ளை. ஸ்னூப்பி நாலு காலில் நடக்கும் சாதாரண நாய்க்குட்டி. ஷ்ரோடர் கைக்குழந்தையாக வருகிறான், லூசி தளிர்நடை போடும் பிள்ளையாக வருகிறாள், லைனஸும் குழந்தைதான். தொடரை வரைந்த ஷுல்ஸ் தனக்கே தெரியாத ஒன்றைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடிப்பதை நாம் கூட இருந்து பார்க்கிறோம். இந்தப் பழைய துண்டுகளில் பலவும் அதுவரை எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை. பொறுக்குகிறவர்கள் விட்டுவிட்டவை அவை.

சுமாரான நாட்கள் இருக்கும். நான் அவற்றையும் படிப்பேன். சுமாரான பத்து நாளுக்குப் பிறகு வரும் ஒரு நாள் எப்படி எழுந்து நிற்கிறது என்பது தேர்வில் தெரியாது.

இன்னொன்று. இவையெல்லாம் நம் கைக்கு வந்ததே பெரிய விஷயம். மைக்ரோஃபிலிம் எடுத்துவிட்டோம் என்று நூலகங்கள் பழைய நாளிதழ்க் கட்டுகளைக் கழித்துக்கட்டிய காலத்தில், பில் பிளாக்பியர்ட் என்ற தனிமனிதர் அவற்றை வாங்கித் தன் வீட்டில் அடுக்கினார். மைக்ரோஃபிலிமில் வண்ண ஞாயிறு பக்கங்கள் கறுப்பு வெள்ளையாகிவிடும், கோடுகள் அடைத்துப்போகும். அவர் சேர்த்தது ஏறக்குறைய 75 டன். 1990-களின் கடைசியில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு அதைக் கொண்டுபோக ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன. பல பழைய தொடர்களின் மறுபதிப்புக்கு அந்தக் கட்டுகள்தான் மூலம். அவர் பொறுக்கி வைத்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

தொடரும்போடு:

பிளாக்பியர்ட் கதை எனக்குப் புதிது. யோசிக்க வைக்கிறது. 'பீனட்ஸ்' முதல் தொகுதியை மட்டுமாவது எடுத்துப் பார்க்கிறேன்.

என் பங்கையும் போட்டுவிடுகிறேன்: மார்வெலின் 'ராம்' (ROM). 1979 முதல் 1986 வரை 75 இதழ்கள், அத்தனையையும் எழுதியவர் பில் மன்ட்லோ. ஒரு பொம்மையை விற்பதற்காக ஆரம்பித்த தொடர். பொம்மை சீக்கிரமே காணாமல் போனது, கதை மட்டும் ஆறு வருடத்துக்கு மேல் ஓடியது. பொம்மைக்கான உரிமை வேறு நிறுவனத்திடம் இருந்ததால் பல ஆண்டுகளாக மறுபதிப்பே இல்லை. 2024-ல்தான் பெரிய தொகுப்பாக வந்தது. விளம்பரக் கதைதானே என்று எடுத்தால், மனித உடலைத் துறந்து இரும்புக்குள் அடைபட்டவனின் ஏக்கம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. மன்ட்லோ 1992-ல் ஒரு விபத்தில் மூளையில் பலத்த காயம் பட்டு, அதன் பிறகு எழுத முடியாமலே போனார். இந்தத் தொகுப்பு தாமதமாக வந்ததில் எனக்கு வருத்தம் அதுதான்.

கட்டங்களுக்குநடுவே:

முழுத் தொகுப்பு விவாதத்தில் வரிசையையும் கவனியுங்கள். ஜாக் கிர்பி 1970-களின் தொடக்கத்தில் டிசி பதிப்பகத்தில் ஒரே பெருங்கதையை நான்கு தனித்தனி இதழ்களில் நடத்தினார். முன்பு அவற்றை இதழ்வாரியாகத் தனித்தனியே படித்தபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 2007-லிருந்து 'ஃபோர்த் வேர்ல்ட் ஆம்னிபஸ்' என்று நான்கு தொகுதிகளாகப் போட்டபோது, வெளிவந்த கால வரிசைப்படி நான்கையும் பின்னிக் கொடுத்தார்கள். பளபளப்பில்லாத தாள் வேறு. ஒரு இதழில் எறிந்த கல், அடுத்த இதழில் வேறொருவர் தலையில் விழுவது அப்போதுதான் தெரிந்தது. புதிதாக ஒரு வரி எழுதவில்லை, ஒரு கோடு போடவில்லை. அடுக்கிய விதம்தான்.

பைண்டிங் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஆயிரம் பக்கத்துக்கு மேல் உள்ள ஒரு தொகுப்பை ஆசையாக வாங்கினேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். இரட்டைப் பக்கப் படங்களில் நடுவில் இருந்த முகங்களையெல்லாம் மடிப்பு விழுங்கிவிட்டது. புத்தகத்தை விரித்துப் பிடித்துப் பிடித்து முதுகு பிளந்தது. வாங்குவதற்கு முன் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

பழுப்புத்தாள்:

அளவைப் பற்றி நான். 'லோன் வுல்ஃப் அண்ட் கப்' 2000 முதல் 28 தொகுதிகளாக உள்ளங்கை அளவில் வந்தது. கோசெகி கோஜிமாவின் தூரிகைக்கு அது போதாது என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகும் வழியிலெல்லாம் படித்தது அந்த அளவால்தான். ஒரு வாள்வீச்சு, அப்புறம் நான்கு பக்கம் புல் அசைவது. சின்னப் பக்கத்தில் சட்டென்று புரட்டும்போது அந்த அமைதி இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

சுருக்கமாக இன்னொன்று, ஆனால் எல்லோரும் படிக்க வேண்டியது. 'மாஸ்டர் ரேஸ்', 1955, 'இம்பாக்ட்' முதல் இதழ். வெறும் எட்டுப் பக்கம். ஆறு பக்கத்துக்குத் தந்த கதையை ஓவியர் பெர்னார்ட் கிரிக்ஸ்டைன் போராடி எட்டாக வாங்கினார். வதை முகாமை நடத்திய ஒருவன் நியூயார்க் சுரங்க ரயிலில், தன்னை அடையாளம் கண்டுகொண்ட ஒருவரைப் பார்க்கிறான். ஓடுகிறான். கடைசியில் தண்டவாளத்தில் விழுகிறான். ரயில் கடக்கும்போது ஜன்னல்களில் இருக்கும் பயணிகளின் முகங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல முறை பதிந்து நீள்கின்றன. அந்த வேகத்தைக் கோட்டால் மட்டும் காட்டியிருக்கிறார். இதைக் கறுப்பு வெள்ளை மறுபதிப்பில் பாருங்கள். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரவுவாசகி:

'மாஸ்டர் ரேஸ்' நேற்று ராத்திரி படித்தேன். எட்டுப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஓடுகிற காட்சியில் கட்டங்கள் ஒல்லி ஒல்லியாகச் சுருங்கிக்கொண்டே போவதை இரண்டாம் முறைதான் கவனித்தேன்.

மாயாவிரசிகன், உங்கள் கிராண்டெல்லும் வந்துவிட்டார். நீங்கள் சொன்னது சரி, முதல் கதையில் அவரைப் பிடிக்கவே இல்லை. ஆனால் நிறுத்த முடியவில்லை.

தொடரும்போடு:

நான் கடைசியில் 'பீனட்ஸ்' எடுக்கவில்லை. மைப்புள்ளி சொன்ன 'வால்ட் அண்ட் ஸ்கீஸிக்ஸ்' முதல் தொகுதிதான் முதலில் கிடைத்தது. தொடக்கத்தில் கார் பேச்சாகவே போனபோது, இதைத்தானே பொறுக்கித் தள்ளச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். தள்ளாமல் படித்தேன். அப்புறம் அந்த வாசற்படி வந்தது. பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். இப்போது 1922-ன் நடுவில் இருக்கிறேன். பையன் நடக்கிறான். இரண்டாம் தொகுதி யாரிடமாவது இருந்தால், அதிலும் பக்கங்கள் இதே அளவில்தான் இருக்கின்றனவா என்று சொல்லுங்கள்.